தூரம் போகிற காருக்கும் ஒரு லோட் டெஸ்ட்



இந்தக் கிழமை எபிசோட்ல லண்டனிலிருந்து சூரிச் வரைக்கும் காரில் போவது பற்றிக் கதைத்தோம். ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாத்தையும் சொல்லி முடிக்க ஏலாமல் போச்சு. அதனால் காரைத் தயார்ப்படுத்துகிற பகுதியை மட்டும் இங்க பாடம் மாதிரி எழுதுகிறேன். லீவு தொடங்க முதல் வாசித்து வையுங்கோ. கார் அப்பாவுடையது என்றால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கோ.

முதலில் ஒரு கதை. இதை எபிசோட்ல சொல்ல எனக்கு மனம் வரேல்லை.

நாங்கள் தவறவிட்ட முகூர்த்தம்

மூன்று வருசத்துக்கு முன்னம், ஒரு ஆகஸ்ட் மாதம். சூரிச்சில் மாமியின் மகளுக்குக் கல்யாணம், ஞாயிறு காலை முகூர்த்தம். அப்பா பொம்பிளைக்குத் தாய்மாமன். "தம்பி, நீதான் பிள்ளையை மணவறைக்குக் கூட்டிக்கொண்டு வரோணும்" என்று மாமி ஆறு மாதத்துக்கு முன்னமே அப்பாவிட்டச் சொல்லி வைத்திருந்தா.

அப்பாவுக்குச் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் வேலை. அது முடிய அப்பா, அம்மா, தங்கச்சி, நான் என்று நாலு பேரும் வெளிக்கிட்டோம். கார் என்னுடையது, பத்து வயதுப் பெட்ரோல் கார். பூட் முழுக்கச் சூட்கேஸும் பலகாரப் பெட்டியும். ஃபோக்ஸ்டனில் காரை ரயிலில் ஏற்றி 35 நிமிடத்தில் கலே. பிறகு ஏ26 நெடுஞ்சாலையில் ரீம்ஸ். அதைத் தாண்டி ஏ4-இல் போய்க்கொண்டிருக்கும்போது இரவு பதினொன்றரை இருக்கும். ஒரு நீண்ட ஏற்றத்தில் வெப்பநிலை முள்ளு நடுவிலிருந்து விறுவிறு என்று மேலே ஏறியது.

"தம்பி, உதென்ன சிவப்பு லைற்?" என்று அப்பா கேட்டார்.

அந்தச் சிவப்பு லைற் எனக்குப் புதுசு. ஆனால் பிரச்சினை புதுசு இல்லை. ஏப்ரல் மாதமே எஞ்சின் லைற் ஒருக்கால் எரிந்தது. என்னட்ட மலிவான ஓபிடி டொங்கிள் ஒன்று இருந்தது. செருகிப் பார்த்தேன். பி0128 என்று வந்தது. தேடிப் பார்த்தால், எஞ்சின் தேவையான சூட்டுக்கு வருகுதில்லை, தெர்மோஸ்டாட் பழுதாக இருக்கலாம் என்று இருந்தது. சூடு கூடினால்தானே பயம், குறைந்தால் என்ன என்று நினைத்தேன். ஆப்பில் 'கிளியர்' பட்டனை அமத்தினேன். லைற் அணைந்தது. பெரிய கெட்டித்தனம் செய்த மாதிரி இருந்தது.

உண்மையில் நடந்தது வேறு. வாட்டர் பம்ப் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டு இருந்தது. கூலன்ட் குறைந்து போனால் சென்சர் திரவத்துக்குள் இல்லாமல் காற்றுக்குள் நிற்கும். காற்றின் சூட்டை அளந்துவிட்டு, எஞ்சின் குளிராக இருக்கு என்று அது சொல்லும். பி0128 வருவதற்கு அதுவும் ஒரு காரணம். கார் நாலு மாதத்துக்கு முன்னமே எனக்குச் சொன்னது. நான் அதன் வாயைப் பொத்தினேன்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இழுவை வண்டி வந்து எங்களை ஒரு சின்ன ஊர்க் கராஜ் முற்றத்தில் விட்டது. கராஜ் திங்கட்கிழமைதான் திறக்கும். பாரிஸ் சித்தப்பாவின் மகன் நித்திரையால் எழும்பிக் கார் எடுத்துக்கொண்டு விடிய நாலே முக்காலுக்கு வந்து சேர்ந்தார். தாலி கட்டினது ஒன்பது இருபதுக்கு. நாங்கள் மண்டப வாசலில் இறங்கினது பத்தேகாலுக்கு. கல்யாண வீடியோவில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவது மாமியின் ஒன்றுவிட்ட தம்பி.

அப்பா என்னை ஏசேல்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ஏன் தூரப் பயணத்தில் மட்டும் உடைகிறது?

எங்களில் நிறையப் பேர் மென்பொருள் வேலை செய்கிறோம், அல்லது படிக்கிறோம். ஒரு வெப்சைட் பத்துப் பேர் வந்தால் நல்லாய் ஓடும். பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால்தான் எங்கே ஓட்டை என்று தெரியும். அதனால்தான் வெளியிட முதல் லோட் டெஸ்ட் செய்கிறோம்.

காரும் அப்படித்தான். லண்டனுக்குள் 20, 30 மைல் வேகத்தில் கோயிலுக்கும் கடைக்கும் போய் வருகிற கார் தன் முழுப் பலத்தைக் காட்டுவதே இல்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 30 மைலில் இருந்து 70 மைலுக்குப் போனால் அந்த எதிர்ப்பு ஐந்து மடங்குக்கு மேல். அதோடு நாலு பேர், சாமான், ஆகஸ்ட் வெயில், ஏற்றம், இடைவிடாத ஆறு மணித்தியால ஓட்டம். எஞ்சின், ரயர், கூலிங் எல்லாத்துக்கும் அன்றைக்குத்தான் உண்மையான சோதனை.

அந்தச் சோதனையை வீட்டுக்குப் பக்கத்தில் நாங்களே முதலில் வைத்துப் பார்க்க வேணும். இந்தப் பாடத்தின் சாரம் அவ்வளவுதான். அதை மூன்று கிழமைக்கு முன்னம் செய்ய வேணும். வெளிக்கிடுகிற முதல் நாள் பிழையைக் கண்டுபிடித்தால் பாகம் வாங்கிப் பூட்ட நேரம் இருக்காது. "பாப்பம், போகலாம்" என்ற முடிவுதான் வரும்.

முதல் பாடம்: காரிடம் கேளுங்கோ

ஸ்டியரிங்குக்குக் கீழே, அனேகமாக முழங்கால் பக்கத்தில், 16 பின் உள்ள ஒரு ஓபிடி போர்ட் இருக்கும். ஐரோப்பாவில் 2001-க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்களிலும் 2004-க்குப் பிறகு வந்த டீசல் கார்களிலும் இது கட்டாயம். புளூடூத் டொங்கிளைச் செருகி, ஃபோனில் ஒரு ஆப்பைத் திறந்தால் போதும்.

பார்க்க வேண்டியது மூன்று விசயம்.

ஒன்று, பதிவான கோடுகள். கோட் என்பது அறிகுறி மட்டும்தான். காய்ச்சல் என்று தெர்மோமீட்டர் சொல்லும், என்ன வருத்தம் என்று சொல்லாது. நான் விட்ட பிழை அதுதான். கோட்டை எழுதி வைத்து, காரணத்தைக் கராஜில் கண்டுபிடியுங்கோ.

இரண்டு, 'பெண்டிங்' கோடுகள். லைற் எரிய முதல், கார் சந்தேகப்பட்டு வைத்திருப்பவை இவை. தூரப் பயணத்துக்கு முதல் இந்தப் பட்டியல்தான் அதிகம் பயன்படும்.

மூன்று, 'ரெடினெஸ்'. யாராவது அண்மையில் கோடுகளை அழித்திருந்தால், கார் தன் சோதனைகளை முதலிலிருந்து தொடங்கும். அவை முடியக் கொஞ்ச ஓட்டம் வேணும். அதுவரைக்கும் 'கோட் இல்லை' என்று ஆப் சொன்னால் 'பிழை இல்லை' என்று அர்த்தம் இல்லை. கூடப்பிறந்தவர்கள் ஒரே காரைப் பாவிக்கிற வீடுகளில் இதை ஒருக்கால் பாருங்கோ!

இரண்டாம் பாடம்: திரவங்கள்

கூலன்ட்: எஞ்சின் நல்லாய் ஆறின பிறகு, காலமை பாருங்கோ. தொட்டியில் இரண்டு கோடு இருக்கும், மட்டம் அதற்கு இடையில் நிற்க வேணும். இது மூடிய வட்டம். குறையக் கூடாது. குறைந்தால் எங்கேயோ போகிறது என்று அர்த்தம். "தண்ணி கொஞ்சம் விட்டாச் சரி" என்பது எங்கட அப்பாமாரின் வைத்தியம். வெறும் தண்ணி அந்தக் கலவையை ஐதாக்கும். துருப்பிடிக்கும், குளிரில் உறையும். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கிற திரவம் கொதித்து முகத்தில் அடிக்கும்.

எஞ்சின் ஒயில்: சமதரையில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கில் பாருங்கோ. பழைய கார் என்றால் கைநூலில் சொன்ன அதே வகையில் ஒரு லீற்றர் பூட்டில் இருக்கட்டும்.

பிரேக் திரவம்: இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கூடினால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது பெடல் மெத்தென்று உள்ளே போகும். அல்ப்ஸ் பக்கம் போகிறவர்கள், மாற்றி இரண்டு வருசம் தாண்டிவிட்டதா என்று சேர்விஸ் புத்தகத்தைப் பாருங்கோ. பெரும்பாலான கார்களுக்கு அதுதான் கணக்கு.

மூன்றாம் பாடம்: ரயர்

ரயரின் பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்குகிற வரியின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கோ. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது கிழமை செய்தது. தவாளிப்பு நல்லாய் இருந்தாலும் றப்பர் வயதாகி வெடிக்கும்.

தவாளிப்பின் ஆழம் சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீற்றர். ஆனால் மழையில் 3-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. 20 பென்ஸ் காசைத் தவாளிப்புக்குள் வையுங்கோ. காசின் வெளி விளிம்புப் பட்டை வெளியே தெரிந்தால் ரயர் மாற்றுகிற நேரம் கிட்டுது.

காற்று: ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ பெட்ரோல் மூடியிலோ ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். அதில் இரண்டு கணக்கு இருக்கும், சாதாரண ஓட்டத்துக்கு ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று. நாலு பேரும் சூட்கேஸும் போகும்போது இரண்டாவது கணக்குத்தான். ரயர் குளிராக இருக்கும்போது அளக்க வேணும். காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடிந்து நிமிரும், அதனால் சூடேறும். மணிக்கணக்கில் 70 மைலில் ஓடினால் அந்தச் சூடே ரயரைக் கிழிக்கும்.

பிறகு பூட்டைத் திறந்து பாருங்கோ. இப்போதைய பல கார்களில் உதிரிச் சில்லு இல்லை. ஒரு போத்தல் பசையும் குட்டிப் பம்பும் மட்டும்தான். அந்தப் போத்தலுக்கும் காலாவதித் திகதி இருக்கு. சில்லு இருக்கிற கார் என்றால் லொக்கிங் நட்டின் சாவித்துண்டு எங்கே என்று இப்பவே தேடுங்கோ. அது இல்லாமல் யாராலும் லேசில் சில்லைக் கழற்ற ஏலாது. பெரும்பாலும் அது குளவ்பொக்ஸின் அடியில் பழைய பார்க்கிங் ரிக்கெற்றுகளுக்குக் கீழே கிடக்கும்.

நாலாம் பாடம்: பற்றரி

15 பவுணுக்குள் ஒரு மல்டிமீற்றர் வாங்கலாம். இரவு முழுக்க ஓடாமல் நின்ற காரில் அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேணும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால்வாசிச் சார்ஜ். 12.0 என்றால் அது கிட்டத்தட்ட வெறுமை. எஞ்சின் ஓடும்போது பழைய கார்களில் 14 வோல்ட்டுக்குக் கிட்ட வரும். புதுக் கார்களில் கணினி இதைக் கூட்டிக் குறைக்கும், பயப்படத் தேவையில்லை. சந்தேகம் என்றால் கராஜில் லோட் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கோ. அங்கேயும் அதே பெயர்தான்!

ஈவி வைத்திருக்கிறவர்களுக்கும் 12 வோல்ட் பற்றரி ஒன்று இருக்கு. அது செத்தால் பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் கார் எழும்பாது. மற்றது, நகரத்தில் காட்டுகிற ரேஞ்சை நம்பி மோட்டர்வேயில் திட்டம் போடாதேங்கோ. மேலே சொன்ன காற்றுக் கணக்கு உங்களுக்கும்தான். வேகச் சார்ஜிங் பிளக் சிசிஎஸ் என்றால் யூகேயிலும் ஐரோப்பாவிலும் ஒன்றுதான்.

ஐந்தாம் பாடம்: சோதனை ஓட்டம்

எல்லாம் பார்த்தாச்சு. இப்போ ஒரு சனிக்கிழமை காலமை, வீட்டு ஆட்கள் எல்லாரையும் ஏற்றுங்கோ. பூட்டில் சாமானுக்குப் பதிலாக இரண்டு அரிசி மூட்டை. மோட்டர்வேயில் சட்ட வேகத்தில் ஒரு மணித்தியாலம் போய் ஒரு மணித்தியாலம் வாருங்கோ. ஏசியைப் போடுங்கோ. ஒரு ஏற்றம் வருகிற பாதையாகப் பாருங்கோ. பக்கத்தில் இருப்பவர் ஆப்பில் கூலன்ட் வெப்பநிலையைப் பார்க்கட்டும். பெரும்பாலான கார்களில் 90 பாகை செல்சியஸ் சுற்றி நிற்கும். ஏறிக்கொண்டே போனால் பயணம் இல்லை, கராஜ்தான்.

திரும்பி வந்து காருக்குக் கீழே ஒரு பெரிய காட்போட் மட்டையை விரியுங்கோ. விடிய எடுத்துப் பாருங்கோ. ஏசியிலிருந்து வடிகிற தெளிந்த தண்ணி பரவாயில்லை. நிறம் இருந்தால், ஒட்டினால், இனிப்பு மணம் வந்தால் அது கசிவு. எனக்கு அந்த ஏப்ரலில் ஒரு காட்போட் மட்டை போதுமாக இருந்திருக்கும்.

ஆறாம் பாடம்: எல்லைக்கு அங்கால

எங்கட காரின் முன் லைற் இடது பக்கம் சாய்ந்து அடிக்கும். பிரான்ஸில் வலது பக்கம் ஓடும்போது அது எதிரே வருகிறவரின் கண்ணுக்குள் அடிக்கும். சில கார்களில் மெனுவில் மாற்றலாம். மற்றதுகளுக்கு லைற்றில் ஒட்டுகிற ஸ்டிக்கர் வேணும். நம்பர் பிளேட்டில் யூகே அடையாளம் இல்லையென்றால் பின்னுக்கு யூகே ஸ்டிக்கர். பழைய ஜிபி ஸ்டிக்கர் 2021 செப்டம்பர் 28-இலிருந்து செல்லாது.

பிரான்ஸில் எச்சரிக்கை முக்கோணமும் பளிச்சிடும் மேலங்கியும் கட்டாயம். மேலங்கி பூட்டில் இருக்கக் கூடாது, சீற்றில் இருந்தபடி எட்டி எடுக்கிற இடத்தில் இருக்க வேணும். ஆளுக்கு ஒன்று வாங்குங்கோ. நடு இரவில் ரோட்டோரம் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

ஜெர்மனியில் பல நகரங்களுக்குள் போகப் பச்சைச் சூழல் ஸ்டிக்கர் விண்ட்ஸ்கிரீனில் இருக்க வேணும். சுவிஸ் நெடுஞ்சாலைக்கு 40 ஃபிராங்க் விக்னெற். 2023-இலிருந்து நம்பர் பிளேட்டோடு இணைத்து இணையத்திலேயே வாங்கலாம். இல்லாமல் பிடிபட்டால் 200 ஃபிராங்க் தண்டம்.

எங்கட கூட்டத்துக்கு முக்கியமான இரண்டு: வேகக் கமரா வருது என்று சொல்கிற வசதியைப் பிரான்ஸ், ஜெர்மனி, சுவிஸ் மூன்றிலும் ஓட்டுநர் பாவிக்கக் கூடாது. மப் ஆப்பில் அதை நிறுத்திவிட்டுப் போங்கோ. பிரான்ஸில் ஓட்டும்போது காதில் இயர்பட்ஸ் போட்டால் 135 யூரோ. எங்கட பொட்காஸ்டைக் கார் ஸ்பீக்கரில் கேளுங்கோ!

பிரான்ஸில் நெடுஞ்சாலை வேகம் 130 கிலோமீற்றர், மழையில் 110. லைசன்ஸ் எடுத்து மூன்று வருசம் ஆகாதவர்களுக்கு எப்பவும் 110.

ஏழாம் பாடம்: பேப்பரும் ஃபோனும்

வி5சி லொக்புக்கின் மூலப் பிரதி கையில் வேணும். கார் அப்பாவின் பெயரில், ஓட்டுவது நீங்கள் என்றால் அவர் அனுமதி தந்ததாக ஒரு கடிதமும் வையுங்கோ. யூகே இன்சூரன்ஸ் ஐரோப்பாவில் குறைந்தபட்சம் மூன்றாம் ஆள் காப்புத் தரும். உங்கட காருக்கு வரும் சேதத்துக்கும் காப்பு இருக்கா, எத்தனை நாளுக்கு என்று கேட்டு எழுத்தில் எடுங்கோ. பிரேக்டவுன் காப்பு ஐரோப்பாவுக்கும் செல்லுமா என்று பாருங்கோ.

யூகே பாஸ்போர்ட் உள்ளே போகிற நாளில் பத்து வயது தாண்டியிருக்கக் கூடாது, திரும்புகிற நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேணும். வீட்டில் யாராவது இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்டில் இருந்தால் அவருக்கு ஷெங்கன் விசா வேணும். காரைவிட முதலில் அதைப் பாருங்கோ.

மப்பை ஒஃப்லைனில் இறக்கி வையுங்கோ. கடைசியாக ஒன்று. பிரான்ஸ் நெடுஞ்சாலையில் கார் நின்றால் உங்கட பிரேக்டவுன் கம்பெனியை நேரே அங்கே கூப்பிட ஏலாது. ரோட்டோரம் இருக்கிற செம்மஞ்சள் எஸ்ஓஎஸ் ஃபோனிலோ 112-இலோ அழைத்தால் அனுமதி பெற்ற இழுவை வண்டி வரும். ரசீதைக் கவனமாக வையுங்கோ, காப்புக் கம்பெனியிட்டக் காசு திருப்பிக் கேட்க அதுதான் ஆதாரம். வெப்பநிலை முள்ளு ஏறினால் ஏசியை நிறுத்தி ஹீற்றரை முழுக்கப் போட்டபடி ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கோ. மேலங்கி போட்டு, வலது பக்கக் கதவால் எல்லாரும் இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நில்லுங்கோ. காருக்குள் இருக்கக் கூடாது.

போன ஜூன் மாதம்

மச்சாளுக்குப் பிள்ளை பிறந்தது. முப்பத்தொன்றுக்கு நாங்கள் திரும்பவும் காரில்தான் சூரிச் போனோம். விமானத்தில் போவோமா என்று நான் கேட்டேன். அப்பா வேண்டாம் என்றார். மூன்று கிழமைக்கு முன்னம் ஒரு இரவு சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடி கேட்டார்:

"தம்பி, அந்தப் பெட்டியைக் குத்திப் பாத்தனியோ?"

பார்த்தேன் என்றேன். ஒரு பெண்டிங் கோட் இருந்தது, கராஜில் கொடுத்துச் சரிப்படுத்தியாச்சு என்றும் சொன்னேன். அடுத்த நாள் விடிய நான் எழும்பி வெளியே போக, அப்பா காருக்குக் கீழே இருந்து காட்போட் மட்டையை இழுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். மட்டை காய்ந்து இருந்தது.

சூரிச்சுக்கு ஒரு நாள் முன்னமே போய்ச் சேர்ந்தோம். பிள்ளைக்குத் தாய்வழிப் பேரன் முறையில் அப்பாதான் முதலில் தூக்கினார்.

இந்தக் கிழமை வீட்டுப்பாடம்: காருக்குக் கீழே ஒரு மட்டை, ரயரில் நாலு இலக்கம், லொக்கிங் நட் சாவி. இந்த மூன்றையும் பார்க்க பத்து நிமிடம் போதும். என்ன கண்டுபிடித்தீங்கள் என்று எழுதுங்கோ, அடுத்த எபிசோட்ல வாசிப்போம்.

கவனமாகப் போய் வாங்கோ.